விண்கப்பலுக்கு மும்முனைக் கரண்டு

தொப்பம்பட்டிக்கு மேற்கே, தக்காளிக் காட்டு மோட்டார் ரூம் வாசலில் கௌசல்யா மடியில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலத்துக்குள் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய கதைக்காக, தன் விண்கப்பலுக்குள் கரண்டு போகும் வழியைப் படமாகப் போடுகிறாள். தென்னை ஓலையின் நிழல் தாள்மேல் ஆடுகிறது. அணு உலையிலிருந்து கிளம்பும் நீலக்கோடு விளக்குகளுக்கும் மூச்சுக்காற்றுக்கும் நாள் முழுக்கப் போகிறது. இன்ஜினுக்குப் போகும் சிவப்புக் கோட்டின்மேல் 'காலை ஒன்பது முதல் மூன்று வரை' என்று எழுதியிருக்கிறாள். மண்வெட்டியோடு வந்த அவள் புருஷன் அய்யனார் குனிந்து பார்க்கிறான். "ஏம்புள்ள, கப்பலுக்குள்ளயே அணு உலை இருக்குது. அங்கயும் எதுக்கு ஆறு மணி நேரக் கரண்டு?" கௌசல்யாவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. பத்து வருஷமாக மோட்டாருக்கு மும்முனைக் கரண்டு வரும் அந்த ஆறு மணி நேரத்தைப் பார்த்தே சோறாக்கிய கை, யோசிக்காமல் எழுதிவிட்டது. அந்த வரியை அடித்துவிடப் பேனாவை அதன்மேல் வைக்கிறாள். அந்நேரம் சுவர்ப் பெட்டியில் மூன்று விளக்குகளும் எரிகின்றன. மோட்டார் முனகிக் கிளம்புகிறது. குழாய் இரண்டு தரம் இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டுகிறது. அய்யனார் பேச்சை விட்டுவிட்டு மடை திருப்ப ஓடுகிறான். ஈரமண் வாசம் வாசல்வரை வருகிறது. "அது அப்படியே இருக்கட்டுங்க" என்று அவன் முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சிவப்புக் கோட்டின் பக்கத்தில் எழுதுகிறாள்: 'கரண்டு வந்ததும் கேப்டனும் ஓடுவார்.'