சட்டைக் கை

வலது பக்கம் விழுவதாகத்தான் பேச்சு.

மூன்று நாளாகக் கம்பெனி எம்.டி.க்குத் தன்னை அப்படித் தூக்கிப் போடத்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். மூன்று நாள் என்றால், மொத்தம் பதினோரு நிமிடம். மீதி நேரமெல்லாம் அவர் போனில் இருந்தார்.

அரசு பெண்கள் பள்ளி மைதானம். கம்பெனி லாரியில் வந்திறங்கிய நீல மெத்தைகள். பின்னால் பேனர்: 'வீழ்ந்தாலும் எழுவாள் எங்கள் பெண்.' அதன் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், பம்ப்செட்டின் பெயர்.

கம்பெனியின் மகளிர் ஜூடோ அணியில் ஐந்து பேர். எம்.டி. தூக்கிப் போடுவதற்கு அவளைத் தேர்ந்தெடுத்தது எடையைப் பார்த்து. நாற்பத்தெட்டு கிலோ.

"சார், இந்தப் பக்கம் விழுந்தா பேனர்ல நம்ம பேரு மறையுதுங்க," என்று கத்தினார் புகைப்படக்காரர். "அந்தப் பக்கமாப் போடுங்க."

புகைப்படக்காரரே நகர்ந்து நின்று எடுத்திருக்கலாம். ஆனால் அங்கே சிறப்பு விருந்தினரின் சோபா இருந்தது.

அந்தப் பக்கம் என்றால் இடது தோள்.

போன வருடம் கழன்று, அறுத்துத் தைத்த தோள். இன்னொரு தரம் கழன்றால் ஜூடோவை மறந்துவிடு என்றிருந்தார் டாக்டர்.

தேசிய அணித் தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள்.

"சார், எனக்கு இந்தத் தோளு..."

"பயப்படாத அம்மிணி," என்றார் எம்.டி. "மெதுவாத்தான் போடுவேன்."

மெதுவாகப் போடுவது என்று ஒன்று கிடையாது. போடத் தெரியாதவரிடம் விழ வேண்டுமென்றால், விழுகிறவளே எகிறிக் குதிக்க வேண்டும்.

போடுகிறவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அவளுடைய சட்டைக் கையை விடாமல் பிடித்து மேலே இழுக்க வேண்டும். உடம்பு அடிபடாமல் இறங்கிவிடும். பதினோரு நிமிடத்தில் ஒன்பது நிமிடம் இதைத்தான் சொல்லியிருந்தாள்.

குதித்தாள்.

அவள் அந்தரத்தில் இருக்கும்போதே கூட்டம் கைதட்டிவிட்டது.

எம்.டி. சட்டைக் கையை விட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

தோளுக்குள் கேட்ட சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது.

விருந்தினர் பேசினார். பெண்கள் எழ வேண்டும் என்றார். அவள் எழுந்துதான் நின்றாள், இடது கையை வலது கையால் மார்போடு தாங்கிப் பிடித்தபடி. இவ்வளவு பலமிருந்தும் கைகட்டி நிற்கிற அந்தப் பணிவை விருந்தினர் தனியாகப் பாராட்டினார்.

மறுபடியும் கைதட்டல்.

பிறகு மாணவிகளின் முறை. ஜோடி ஜோடியாக மெத்தையில் ஏறினார்கள். பார்த்ததை அப்படியே செய்தார்கள்.

தூக்கிப் போட்டார்கள்.

கையை விட்டார்கள்.

மைதானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

ஒரு சின்னப் பெண் தொப்பென்று விழுந்து, முழங்கையைத் தேய்த்துக்கொண்டே புகைப்படத்துக்குச் சிரித்தாள்.

இடது கையைத் தாங்கியபடியே அவள் அந்த ஜோடியிடம் போனாள். போட்டவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். அவளுடைய விரல்களைத் தோழியின் சட்டைக் கையில் வைத்து, இறுக்கி மூடிக் காட்ட வேண்டும்.

அதற்கு ஒரு கை வேண்டும்.

தாங்கிக்கொண்டிருந்த கையை எடுத்தாள். இடது கை தொங்கியது.

"அவ தரைக்கு வந்து சேர்ற வரைக்கும் இதை விடக் கூடாது, கண்ணு."

"அந்த சாரு விட்டுட்டாருல்லக்கா?"

"ஆமா," என்றாள்.

பிறகு மெத்தையின் விளிம்பைத் தாண்டி வெளியே இறங்கி நின்றுகொண்டாள்.

"நீ போடு. நான் பாக்கறேன்."