மணிக்குப் பின் விழுந்த பந்து

"மறுபடியும் போடு. மணி அடிக்கிற இடத்துலேருந்து."

கேப்டன் சொன்னதும் சோடாபுட்டி கைப்பேசியில் வீடியோவைப் பின்னுக்கு இழுத்தான். பள்ளி முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். இயற்பியல் ஆய்வகத்தில் கேப்டன், சோடாபுட்டி, ஸ்பானர் என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்ட அவர்கள் மூன்று பேரும் இயற்பியல் ஆசிரியரும் மட்டும்தான். மேசைமேல் அவர்கள் செய்த ரோபோ உட்கார்ந்திருந்தது. பிடிக்கும் கைகள் இரண்டும் கொடுக்குபோல இருப்பதால் அதற்கு நண்டு என்று பெயர்.

சனிக்கிழமை நடந்த மண்டலப் போட்டியின் இறுதிச் சுற்று அது. அவர்களுக்கும் நீலச்சட்டை அணிக்கும் போட்டி. ரோபோ பந்துகளை எடுத்துத் தன் கூடையில் போட வேண்டும். மணி அடிப்பதற்குள் விழுந்தால்தான் கணக்கு. ஒரே ஒரு பந்துதான் வெற்றி தோல்வியை முடிவு செய்தது.

ஸ்பானரின் அக்கா பார்வையாளர் மாடத்திலிருந்து எடுத்த வீடியோ. கடைசிப் பந்து கூடையின் விளிம்பில் உருண்டு தயங்கியது. மணி அடித்தது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து உள்ளே விழுந்தது.

"பார்த்தீங்களா சார்? மணி அடிச்ச அப்புறம்தான் விழுந்திருக்கு. ஆனா கணக்குல சேர்த்துட்டாங்க" என்றாள் கேப்டன்.

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பார்த்தேன்மா. அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்ற? நடுவர் அறிவிச்சாச்சு. முடிஞ்சது முடிஞ்சதுதான்."

"தப்பா அறிவிச்சிருக்காங்களே சார்?"

"போட்டின்னா அப்படி இப்படி இருக்கத்தான் செய்யும். இனிமே போய்க் கிளறினா நமக்குத்தான் தலைவலி. நாளைக்குப் பிரேயர்ல ஹெச்.எம். உங்களைப் பத்திப் பேசப் போறாங்க. இந்த நேரத்துல இதெல்லாம் தேவையா?"

"அதுக்கு முன்னாடியே கேட்டுடணும் சார்."

சோடாபுட்டி இடையில் புகுந்தான். "நீலச்சட்டைக்காரங்களுக்கு இது தெரியுமா?"

"தெரிஞ்சா அங்கேயே வாயைத் திறந்திருக்க மாட்டாங்களா?" என்ற கேப்டன், ஜன்னலோரம் நின்றிருந்த ஸ்பானரைப் பார்த்தாள். "நீ என்னடா ஒண்ணும் பேச மாட்டேங்கற?"

இறுதிச் சுற்றில் நண்டை ஓட்டியது ஸ்பானர்தான். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவன்.

"என்னத்தப் பேசறது? நேத்து அக்கா இந்த வீடியோவைக் காட்டினதுலேருந்து சோறு இறங்கல. மாமா போன் பண்ணி, போட்டி எப்படிடா போச்சுன்னு கேட்டார். என்ன சொல்றதுன்னே தெரியல. போனை அக்கா கையில குடுத்துட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன்."

"அப்ப தலைமை நடுவரைக் கூப்பிட்டுக் கேட்டுடலாமா?"

"கேட்டா எல்லாரும் நம்மளப் பார்த்துச் சிரிப்பாங்க. பொழைக்கத் தெரியாததுங்கன்னு சொல்லுவாங்க" என்றான். நண்டின் பக்கம் திரும்பி, அதன் கொடுக்கை ஒருமுறை திறந்து மூடினான். "சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். கூப்பிடு."

"சார்?" என்றாள் கேப்டன்.

ஆசிரியர் நண்டைப் பார்த்தார். பழைய பிரிண்டரைப் பிரித்து மோட்டார் எடுத்ததிலிருந்து, விடுமுறை நாளெல்லாம் பசங்களோடு தரையில் உட்கார்ந்து கம்பி இணைத்ததுவரை அவருக்கு என்னென்னவோ ஞாபகம் வந்தது.

"எவ்வளவு பாடுபட்டிருக்கோம், தெரியுமில்ல?"

"தெரியும் சார். அதனாலதான் மனசு கேக்க மாட்டேங்குது. தெரியாம இருந்திருந்தா வேற. தெரிஞ்ச அப்புறம் எப்படி சார் சும்மா இருக்கறது?"

அவர் பெருமூச்சு விட்டார். தன் கைப்பேசியை எடுத்துத் தலைமை நடுவரின் எண்ணைத் தேடிப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். "நீயே பேசும்மா. எனக்கு வாய் வராது."

மறுமுனையில் மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்க மாட்டார்கள் என்று நினைத்தபோது எடுத்தார்கள்.

"ஹலோ, யாரு?"

"வணக்கம் சார். சனிக்கிழமை நடந்த ரோபோ போட்டி ஃபைனல் விஷயமா ஒண்ணு சொல்லணும். கடைசிப் பந்து மணி அடிச்ச அப்புறம்தான் விழுந்திருக்கு சார். எங்ககிட்ட வீடியோ இருக்கு. ஸ்கோர் தப்பு."

"ஆரம்பிச்சிட்டீங்களா?" குரலில் எரிச்சல் பொங்கியது. "காலையிலேருந்து இதே ரோதனையாப் போச்சு. அரையிறுதியில தப்பு, காலிறுதியில தப்புன்னு ஆளாளுக்கு ஒரு வீடியோ. நடுவருங்களுக்குக் கண்ணு இல்லையா?"

"இல்ல சார், நான் சொல்ல வந்தது..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். படிக்கிற பொண்ணுதானே நீ? ஜெயிச்சவங்க ஜெயிச்சதாவே இருக்கட்டுமே, உனக்கு ஏன் வயித்தெரிச்சல்? தோல்வியை ஒத்துக்கற மனசு வேணும்மா. உங்க வாத்தியார் அதைச் சொல்லித் தரலையா?"

ஆசிரியரின் முகம் சுண்டிப் போனது. ஸ்பானர் தலையைக் குனிந்துகொண்டான். சோடாபுட்டி, "வச்சிடு, வச்சிடு" என்று சைகை காட்டினான்.

கேப்டன் வைக்கவில்லை. நிதானமாகச் சொன்னாள்:

"தோத்தது நாங்க இல்ல சார். கோப்பை எங்ககிட்டதான் இருக்கு. அதை யார்கிட்ட கொண்டுவந்து குடுக்கணும்னு கேக்கத்தான் கூப்பிட்டோம்."