நழுவிய கண்ணி

செண்பகவல்லி போனில் பேசிக்கொண்டே மகளுக்குப் பச்சை ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு நூல் கண்ணி ஊசியிலிருந்து நழுவி விழுந்தது. அவள் கவனிக்கவில்லை.

"ஐயோ, விழுந்துட்டியே! அவ கண்ணுல படுற மாதிரி கொஞ்சம் விரிஞ்சு நில்லு," என்றது பக்கத்துக் கண்ணி.

"மெதுவாப் பேசு! தெரிஞ்சா மொத்தத்தையும் பிரிச்சுடுவா. போன மாசம் நாம நூல்கண்டாக் கிடந்தப்போ, அந்த நீலத் தொப்பியை என்ன பண்ணினாள்னு பார்த்தேல்ல?"

பக்கத்துக் கண்ணி அதன் பக்கம் சாய்ந்துகொண்டது. இரண்டும் ஒட்டி நின்று ஓட்டையை மறைத்தன. ஆனால் ஸ்வெட்டர் மேலே வளர வளர, நழுவிய கண்ணி வரிசை வரிசையாக அவிழ்ந்து கீழே இறங்கிக்கொண்டே போனது. நிற்க முயன்றும் முடியவில்லை.

மூன்றாம் நாள் ஸ்வெட்டரின் நெஞ்சில் ஏணி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. செண்பகவல்லி பார்த்துவிட்டாள். வளைந்த முனையுள்ள குரோஷா ஊசியைக் கையில் எடுத்தாள்.

"போச்சு," என்று கண்ணி அழுதது.

ஊசி அதை மெல்லத் தூக்கியது. படிப்படியாக மேலே ஏற்றி, அதன் இடத்திலேயே மாட்டியது. ஒரு வரிசையைக்கூடப் பிரிக்கவில்லை.

"வேற எங்கயாவது விட்டிருக்கேனா?" என்று அவள் ஸ்வெட்டரை வெளிச்சத்தில் பிடித்தாள்.

தோள் பக்கம், காலையில் நழுவிய இன்னொரு கண்ணி அத்தனையையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அது மூச்சைப் பிடித்துக்கொண்டு நூலுக்குள் ஒளிந்துகொண்டது.