வியாழக்கிழமை வரிசை

“வெட்கமே இல்லையா இவனுக்கு?”

மரிசேலா கடித்த பர்ரிட்டோவைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

பள்ளி உணவுக்கூடத்தின் கோடியில் அராகோன் மிஸ்ஸின் ஜன்னல். கல்லூரிகளுக்கு விண்ணப்பக் கட்டணம் கட்ட வசதியில்லாதவர்களுக்கு, கட்டண விலக்குக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுத் தருவார் மிஸ். அந்த ஜன்னல் வியாழக்கிழமை மதியம் மட்டும்தான் திறக்கும்.

அந்த வரிசையில் டெரெக் லுசேரோ நின்றுகொண்டிருந்தான்! நெடுஞ்சாலையோரம் கார் விற்கும் லுசேரோவின் ஒரே மகன். ஊரில் ஓடும் வண்டிகளில் பாதி அவர்கள் கடையில் வாங்கியவை.

“இவங்கப்பா ஒரு டயரை வித்தா பத்துக் காலேஜுக்குக் கட்டலாம். இல்லாதவங்களுக்குன்னு இருக்கிறதுலயும் கை வைக்கிறான் பாரு.”

“அவனை விடுடி. நீ எப்போ போய் நிக்கப் போற?” என்றாள் இவெட், அவளுடைய தோழி.

மரிசேலா தட்டைத் தள்ளி வைத்தாள்.

வகுப்பில் அவள்தான் முதல். கொலராடோவில் ஒரு கல்லூரி, நல்ல மதிப்பெண் இருந்தால் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் இலவசமாகத் தருகிறது. ஆனால் இந்த மாதக் கடைசிக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். அதற்கான கட்டணத்தை அம்மாவிடம் கேட்க முடியாது. மோட்டலில் அறை சுத்தம் செய்யும் அம்மாவுக்கு இந்த மாதம் பாதி நாள்தான் வேலை.

வரிசையில் நிற்கலாம்தான். ஆனால் எதிர்மேசையில் ஃபுட்பால் டீம் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். டெரெக்கும் அந்த மேசைக்காரன்தான். ‘பிச்சைக்கார வரிசை’ என்று பெயர் வைத்ததே அந்த மேசை. போன வாரம் வரிசையில் நின்ற இரண்டு பேரின் காலடியில் சில்லறையை உருட்டிவிட்டார்கள். அதில் ஒரு பெண் அழுதுகொண்டே ஓடிப்போனாள்.

“மார்க்கை வச்சு என்னடி பண்ணப் போற? ஃப்ரேம் போட்டு மாட்டப் போறியா?”

“அந்தப் பசங்க சிரிப்பாங்க இவெட்.”

“இன்னைக்கு யாரைப் பார்த்துச் சிரிக்கிறாங்கன்னு பாரு.”

உண்மைதான். மேசை முழுக்க டெரெக்கைப் பார்த்து ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

“டேய், உங்கப்பா திவாலா?”

“காரை எல்லாம் வித்துட்டுக் கழுதை வாங்கிட்டாராம்டா!”

டெரெக் தொப்பியைக் கழற்றி, பிச்சை கேட்பதுபோல் அவர்கள் பக்கம் நீட்டினான்.

மரிசேலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருக்கிறவனுக்கே கூச்சமில்லை, நமக்கென்ன? விருட்டென்று எழுந்து போய் அவன் பின்னால் நின்றாள்.

“நல்லா இருக்குடா உன் பொழைப்பு, ஓசி டெரெக்!” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

உணவுக்கூடமே சிரித்தது. டெரெக்கின் காது மடல் சிவந்தது.

“என்ன பண்றது, ஓசின்னா எனக்கு உசிரு” என்றான்.

அவன் முறை வந்தது. ஜன்னலுக்குள் தலையை நீட்டி ஏதோ கேட்டுவிட்டு நகர்ந்தான். அடுத்து மரிசேலா.

“அப்பாடா, வந்துட்டியா கண்ணு!” என்று மிஸ் பேனாவை எடுத்தார்.

அந்தப் பெயர் டெரெக்கிடம் ஒட்டிக்கொண்டது. கணக்கு வாத்தியார்கூட ஒருநாள் வாய் தவறி ‘ஓசி டெரெக்’ என்று கூப்பிட்டுவிட்டார். அவனோ மறுவாரமும் வந்து நின்றான். அதற்கடுத்த வாரமும் நின்றான். “எத்தனை காலேஜுக்குடா ஓசியில போடுவ?” என்று அவனைக் கலாய்க்கவே மேசைக்காரர்களுக்கு நேரம் போதவில்லை. அவனுக்கு முன்னும் பின்னும் வரிசை வாசல்வரை நீண்டது.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, ஒலிபெருக்கியில் தலைமையாசிரியரின் குரல். கொலராடோ கல்லூரியின் முழு உதவித்தொகை மரிசேலாவுக்கு!

இவெட் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது. “யாருக்கோ விரிச்ச புதுப் படுக்கையில உட்கார்ந்து அழுதுட்டு இருக்கேன்டி” என்றாள் அம்மா போனில்.

மதியம் மரிசேலா ஜன்னலுக்கு ஓடினாள்.

“எல்லாம் உங்களாலதான் மிஸ்!”

“என்னால இல்ல கண்ணு. அன்னைக்கு நீ எழுந்து வந்து நின்ன பாரு, அதனால.”

“அது டெரெக் மேல வந்த கோபம் மிஸ். கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. அவனுக்கெல்லாம் எப்படி மிஸ் கையெழுத்துப் போட்டீங்க?”

மிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “ஒரு பிள்ளை விஷயத்தை இன்னொரு பிள்ளைகிட்ட நான் சொல்லக்கூடாது. ஆனா இவனுக்குன்னு ஒரு விஷயமே இல்லையே! நான் எதுலயும் கையெழுத்துப் போடல.”

“வாரா வாரம் வந்து நின்னானே?”

“நின்னான். முறை வந்ததும் ‘மணி என்ன மிஸ்?’னு கேப்பான். சொல்வேன். போயிடுவான்.”

மரிசேலா தலையை நிமிர்த்தினாள். ஜன்னலுக்கு நேர் மேலே, வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு கடிகாரம். வரிசையின் கடைசியில் நிற்பவனுக்கும் பளிச்சென்று தெரியும்.

அவன் நின்ற நாள்களில் அந்த மேசை வேறு யாரையும் பார்த்துச் சிரித்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

திரும்பி, ஃபுட்பால் மேசைக்கு நேராக நடந்தாள். பையன்களின் பேச்சு நின்றது. டெரெக் நிமிர்ந்து பார்த்தான். அன்றைக்குப் போலவே எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்:

“டெரெக்... மணி என்ன?”