இராஜம்மாவின் மூக்கு

மனைவியின் மூக்கு வேலை செய்கிறதா, இல்லையா? மத்தியானத்துக்குள் ரெங்கசாமிக்கு அது தெரிந்தாக வேண்டும்.

இரண்டு வாரமாக இராஜம்மாவுக்குச் சளி. கருவாடு கருகினாலும் தெரியவில்லை, ஊதுபத்தி ஏற்றினாலும் தெரியவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தாள். ஆனால் இந்தக் காரியத்தில் வெறும் நம்பிக்கையோடு இறங்க முடியாது. அவள் மூக்குக்கு ஒரு துளி எட்டினாலும் ரெங்கசாமி தொலைந்தார். ரயில்வே ஸ்டோரில் முப்பது வருஷம் வேலை பார்த்துச் சம்பாதித்த மானம் மரியாதை எல்லாம் அத்தோடு சரி.

வெளியில் வைத்து முடிக்கவும் வழியில்லை. பிரிக்பீல்ட்ஸில் அவரைத் தெரியாத ஆளே கிடையாது. வீட்டுக்குள்தான் நடக்க வேண்டும்.

அதனால்தான் சூப்பர்மார்க்கெட்டில் நாலு விதமான வாசனை டீ வாங்கி வந்திருந்தார். ரோஜா, மாம்பழம், வெனிலா, பட்டை. இஞ்சி டீயை வேண்டுமென்றே தவிர்த்தார். மூக்கு அடைத்தவர்களுக்கும் இஞ்சி நாக்கில் உறைத்துவிடும்.

"பேப்பர்ல ஒரு போட்டி போட்டிருக்கான்" என்றபடி ஐந்து கோப்பைகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். "என்ன டீன்னு குடிச்சுப் பார்த்துச் சரியாச் சொன்னா பரிசு."

"டீ குடிக்கிறதுக்கெல்லாமா பரிசு தர்றாங்க?" இராஜம்மா சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவருக்கு ஒரு கணம் மனசு கேட்கவில்லை. பாவம், இவளுக்கா இப்படிச் செய்யப் போகிறோம் என்று இருந்தது. தலையை உதறிக்கொண்டு முதல் கோப்பையை நீட்டினார்.

ரோஜா.

"சுடுதண்ணி மாதிரி இருக்கு."

மாம்பழம்.

"இதுவும் அதேதான்லா."

வெனிலாவைக் குடித்துவிட்டு அவள் கண்ணை மூடி யோசித்தாள். "இதுல என்னமோ இருக்கே..." ரெங்கசாமிக்கு மூச்சு நின்றது. "ஆங், சீனி கம்மி."

பட்டைக்கும் உதட்டைப் பிதுக்கினாள். மிச்சம் இருந்தது ஐந்தாவது. அதில் ரெங்கசாமி ஒரு கிள்ளு பெலாச்சான் கரைத்திருந்தார். காய்ந்த இறால் விழுதின் அந்த நாற்றத்தில் அவருக்கே குமட்டியது. இராஜம்மா அதை மடமடவென்று குடித்து முடித்தாள்.

"கொஞ்சம் உப்புக் கரிக்குது. ஆனா இதுதான் நல்லாருக்குங்க. இன்னொரு கப் இருக்கா?"

இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? மூக்கு முழுசாகப் போய்விட்டது!

"எனக்குத் தலை பாரமா இருக்கு, கொஞ்சம் படுக்கிறேன்" என்று அவள் எழுந்து போனாள். ரெங்கசாமி அறைக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வேலையை ஆரம்பித்தார். சமையலறை ஜன்னல்களை இறுக்கி மூடினார். இடுக்குகளில் டேப் ஒட்டினார். நேற்றுத்தான் வந்திறங்கிய கேஸ் சிலிண்டரைக் காலால் நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு நாகையா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "என்ன அண்ணே, இந்த வெயில்ல எல்லாத்தையும் சாத்துறீங்க? உள்ள ஆளு செத்துருவாங்கலா!"

"கொசு தொல்லை, நாகையா" என்று சொல்லி ரெங்கசாமி கடைசி ஜன்னலையும் அடைத்தார்.

பிறகு பின்வாசல் வழியாகப் போய், பழைய டட்சன் காரின் பின்பக்கத்தைத் திறந்து, சாக்கில் சுற்றியிருந்ததைத் தூக்கி வந்தார். காலையில் தீட்டி வைத்த பாராங் கத்தியை எடுத்தார். வாழை மரம் வெட்டத்தான் கத்தி தீட்டுவதாக இராஜம்மாவிடம் சொல்லியிருந்தார். அவளும் நம்பிவிட்டாள்.

மனசுக்குள் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பாராங்கை ஓங்கினார். ஒரே வெட்டு.

துரியான் இரண்டாகப் பிளந்தது.

முள் தோலுக்குள் மஞ்சள் மஞ்சளாகச் சுளைகள், நாலு வீட்டுக்கு எட்டும் வாசனை. இனிப்பு நீர் வியாதி வந்து, டாக்டர் துரியானைத் தொடக்கூடாது என்று சொன்ன நாளிலிருந்து மூன்று வருஷம் அவர் வாயில் படாத சுளைகள். எனக்கு ஆகாதது இந்த வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்று சட்டம் போட்டு, ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணியவரும் அவரேதான். டெங்கில்வரை போய் ஒளித்துக் கொண்டு வந்த பழத்தை நோக்கி விரலை நீட்டினார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சமையலறைக் கதவு திறந்தது.

"டெங்கில் பழமாங்க? வாசனை கூடத்துக்கு வருது" என்றாள் இராஜம்மா.

ரெங்கசாமி நீட்டிய விரலோடு அப்படியே நின்றார். அவள் அவரை விலக்கிவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இனிப்பு நீர் உங்களுக்குத்தானே? எனக்கும் சேர்த்து எதுக்கு மூணு வருஷம் தண்டனை? வெளியில ஒரு சுளை தின்னுட்டு வந்தாலும் மோப்பம் பிடிச்சுச் சத்தம் போடுவீங்க. வீட்டுக்கு ஒரு பழம் வர வேற என்னதான் வழி, சொல்லுங்க!"

வராத சளிக்கு இரண்டு வாரம் தைலம் தேய்த்துக்கொண்டு அவள் காத்திருந்தது இந்தப் பழத்துக்காகத்தான் என்று ரெங்கசாமிக்கு உறைத்தபோது, இராஜம்மா நாலாவது சுளையில் இருந்தாள்.