ஏர் புகுந்த பம்ப்

வளைகுடா நாட்டு முசஃபாவில், அவரவர் காரை அவரவரே கழுவிக்கொள்ளும் கார் வாஷில், தேவதாஸின் டாக்சி கண்ணாடிகூடத் தெரியாமல் நுரைக்குள் நிற்கிறது. சீறிப் பாய வேண்டிய தண்ணீர் அவன் கையிலுள்ள பீச்சுக்குழாயிலிருந்து எச்சிலாக வடிகிறது. "அண்ணே, எம் பொண்டாட்டி லீமா நாலு மணிக்கு ஏர்போர்ட்ல இறங்குவா. கல்யாணத்துக்குப் பெறவு இப்பதான் மொதல்ல வாறா." பம்ப் அறைக்குள், கார் வாஷைப் பார்த்துக்கொள்ளும் பாலகுரு வியர்வையில் ஊறிக் கிடக்கிறான். வால்வு மாற்றியாயிற்று, சீல் மாற்றியாயிற்று. பம்ப் இன்னும் கூழாங்கல்லை மென்றபடி கடகடக்கிறது. பசி வேறு. கோடையில் குழாய்த் தண்ணீரே கொதிப்பதால், மதியச் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, சூடு ஆறாதிருக்கப் பம்புத் தொட்டியில்தான் அவன் மிதக்கவிடுவான். பம்ப் ஓடும்போதே எட்டிப் பார்க்கிறான். பையைக் காணோம். கைவிட்டுத் துழாவினால், அடியில் தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வாயில் அப்பிக்கொண்டிருக்கிறது. மோட்டாரை நிறுத்தியபோதெல்லாம் சமர்த்தாக மேலே மிதந்த அதே பை. பிடுங்கியதும் பம்ப் ஒரே சீராக இரைகிறது. வெளியே நுரை வழிந்தோட, வெள்ளி நிற டாக்சி பளபளக்கிறது. தேவதாஸ் அறைக்குள் தலையை நீட்டுகிறான். "என்ன கோளாறுண்ணே?" பாலகுரு பையோடு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறான். "ஏர் புகுந்திருச்சு தம்பி, எடுத்துட்டேன்." தேவதாஸ் அவன் முதுகுப் பக்கம் எட்டிப் பார்க்கிறான். "ஏருக்குள்ள முருங்கைக்காய் கெடக்குல்லா."