கழுவிய தட்டு

இந்த நாட்டின் உள்நாட்டுப் போரை என் அளவுக்கு அறிந்தவன் அந்தப் போரில் சண்டை போட்டவர்களில்கூடக் கிடையாது. பாட்காஸ்டுகளைக் கேட்டு, தடித்தடிப் புத்தகங்களைப் படித்து, அவற்றில் எது தேறும், எது தேறாது என்று என் கல்லூரியில் எல்லாருக்கும் நட்சத்திரம் போட்டுச் சொல்பவன் நான்தான். புதிதாகக் கிடைத்த ஒரு பாட்காஸ்ட் இப்போது சமையலறை மேடையில் என் கைபேசியில் ஓடுகிறது. அந்தப் போரில் ஊரைவிட்டு ஓடிவந்த அம்மா, வழக்கம்போல, பாத்திரம் கழுவும் குழாயை முழுதாகத் திறந்துவிடுகிறாள். போர் என்று காதில் விழுந்தாலே இப்படித்தான். கழுவிய தட்டையே மறுபடி கழுவுவாள். “வரலாற்றுக்கே தண்ணி தெளிச்சு விட்டுட்டியாம்மா?” என்று கேட்டுக் குழாயை மூடுகிறேன். ஜன்னல் வெயில் அவளுடைய நுரை படிந்த கைகளில் விழுகிறது. பாட்காஸ்டில் பேசுபவர் அம்மாவின் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறார். பின்னணியில் ஒரு குழந்தை அழுகிறது.

“அந்தப் புள்ளைய யாராச்சும் தூக்கக் கூடாதா?” என்கிறாள் அம்மா. “அது சும்மா எஃபெக்டும்மா. சவுண்டு பிரமாதம், அஞ்சு ஸ்டார் குடுக்கலாம்.” அவள் தட்டைக் கீழே வைக்கிறாள். “அன்னிக்கும் இப்படித்தான் அழுதுச்சுடா. கேட்டுக்கிட்டேதான் எல்லாரும் ஓடினோம்.” அவள் விரல்களில் நுரை குமிழ் குமிழாக உடைகிறது. குழந்தை இன்னும் அழுகிறது. கைபேசி என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அதைத் தொடக் கை வரவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, கழுவி வைத்த தட்டு ஒன்றை எடுத்துக் கழுவத் தொடங்குகிறேன்.